ஐஸ் தீவுக்காரன் எனக்குப் போட்ட கார்டு

உக்காருங்க ஏட்டய்யா. அந்த ஸ்டூலு வேண்டாங்க, அதுல வார்னிஷ் இன்னும் காயல. ஒட்டிக்கிச்சுன்னா போலீஸப் புடிச்சு வெச்சவன்னு எம்பேருல தனியா ஒரு கேஸாயிரும். இந்தச் சேருல உக்காருங்க. டீ சொல்லியிருக்கறேன். சக்கர போடச் சொல்லலாமுங்களா? உங்க பெல்ட்டு படற பாட்டப் பாத்தா வேண்டாம்னு தோணுது, இருந்தாலும் கேக்கோணுமில்லீங்க.

ஆமாங்க, சென்னியப்பன் நாந்தான். மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. வயசு நாப்பத்தேழு. படிப்பு அஞ்சாவது. பாஸா பெயிலான்னு அந்தப் பாரத்துல கேட்டிருக்குதுங்களா? கேக்கலைன்னா விடுங்க.

ஹாம் ரேடியோ லைசென்ஸுக்குத்தான் எழுதிப் போட்டிருக்கறேன். பரிச்ச பாஸாயாச்சு. மெட்ராஸு போயி மூணு தடவ எழுதி, மூணாவது தடவ பாஸு. இனி உங்க ஸ்டேசன்ல இருந்து "இவன் யோக்கியன், இவன் மேல ஒண்ணுமில்ல"ன்னு ஒரு வரி போச்சுன்னா, டெல்லியில இருந்து எனக்குன்னு ஒரு பேரு வரும். கால்சைன்னு சொல்லுவாங்க. இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா, வண்டி நம்பராட்ட இருக்கும். உலகத்துல வேற எவனுக்கும் அந்தப் பேரு இருக்காது. சென்னியப்பன்னு இந்த வீதியிலயே மூணு பேரு இருக்கறானுங்க. அதுல ஒருத்தன் என்ற மச்சான். அவனத் திட்ட வர்றவங்க பாதிப்பேரு என்னயத் திட்டிட்டுப் போறாங்க.

ஹாம் ரேடியோன்னா என்னங்கறீங்களா. உங்க இடுப்புல வாக்கிடாக்கி இருக்குதில்லீங்க, அதுல நீங்க ஸ்டேசன் வரைக்கும் பேசறீங்க. இதுல ஜப்பான் வரைக்கும் பேசலாம். அதுக்குத்தான் செல்போன் இருக்குதேன்னு கேட்டுப்போடாதீங்க. எங்க டாக்டருகிட்ட இதக் கேட்ட ஒரு பேசண்டுக்கு மரத்துப்போற ஊசி போடாமயே பல்லப் புடுங்கிட்டாருன்னு ஒரு பேச்சு. நான் பாக்கலீங்க.

என்னயப் பத்தி நல்லதாச் சொல்லோணும்னா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. டாக்டர்ல இருந்தே ஆரம்பிக்கறேன்.

எத்திராஜ் டாக்டரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. பல் டாக்டரு. வீதி முக்குல, ஸ்கூல் கிரவுண்டுக்கு எதுத்தாப்ல. கீழ ஆஸ்பத்திரி, மேல வீடு, மொட்டமாடியில ஒரு ரூமு. ரூமுல ரேடியோ, ரூமுக்கு மேல பந்தலு போட மறந்தாப்ல கம்பியும் ஒயருமா நிக்கும், அது ஆன்டெனா. முப்பது வருசமா லைசென்ஸ் வெச்சிருக்கறாரு. உலகத்துல முன்னூத்திச் சொச்சம் நாடு இருக்குதாம், நம்ம நாடு கணக்கு இல்லீங்க, இவங்க கணக்கு. கடலுக்கு நடுவுல நாலு பாறை இருந்தாலும் இவங்களுக்கு அது தனி நாடு. எல்லாத்துக்கும் ஒருக்காவாவது பேசிப்போடோணும். அதுதான் இவங்க பொழப்பு. பொழப்புன்னா பொழப்பு இல்லீங்க, பொழப்பு பல்லு.

பத்து வருசத்துக்கு முன்னால ஒரு நா கடைக்கு வந்தாரு. கையில ரெண்டு வால்வு, பழைய ரேடியோவுல பல்பாட்ட எரியுமே, அது. துண்டுல சுத்தி, பச்சக் கொழந்தையக் கொண்டார்றாப்ல கொண்டாந்தாரு. பிரிச்சுப் பாத்தா ஒவ்வொண்ணும் சொரக்கா சைஸுக்குக் கண்ணாடி. "சென்னியப்பா, இதுக்கு மூவாயிரம் வோல்ட்டு வேணும். டிரான்ஸ்பார்மர் கட்டித் தர்றியா"ன்னாரு. நான் கேட்டேன், "ஏனுங் டாக்டர், பல்லு அத்தன கெட்டியாவா இருக்குது?"

விசயம் என்னன்னா, அவரு ரேடியோவுல இருந்து நூறு வாட்டுத்தான் வெளிய போகும். அது தூரத்துல இருக்கறவனுக்கு, பக்கத்து ஊரு கொசு பாடுனாப்லதான் கேக்கும். அத எட்டு மடங்கு பெருசாக்கற டப்பா ஒண்ணு கட்டோணும். ரேடியோவுக்கே ஒரு மைக் செட்டுன்னு வெச்சுக்கங்களே. கடையில வாங்குனா கார் வெல. அதனால இந்த ஹாம் ஆளுங்க கையில கட்டிக்குவாங்க. டாக்டரு கையின்னா யாரு கைங்கறீங்க? இந்தா, இந்தக் கைதான்.

நாங்க கட்டறது பம்பு மோட்டாரு, கிரைண்டர் மோட்டாரு. நானூத்தி நாப்பது வோல்ட்டுக்கு மேல எங்கப்பனும் கட்டுனதில்ல. லேயருக்கு ஒரு பேப்பரு வெச்சுக் கட்டுனேன். பம்பு மோட்டாருக்கு அது போதும். மூவாயிரம் வோல்ட்டு அந்தப் பேப்பரப் பாத்துச் சிரிச்சுது. ஏழு நாளு கட்டுனது ஏழு செகண்டுல கருகிப்போச்சு. டாக்டரு கிட்டக்க வந்து மோந்து பாத்தாரு. "எந்த லேயரு?"ன்னாரு. அவ்வளவுதான். திட்டல, மொகம் சுளிக்கல. எந்த லேயருன்னு கேட்டாரு. அப்பப் புடிச்சுப்போச்சுங்க மனுசன எனக்கு.

ரெண்டாவது கட்டுனது இன்னிக்கும் ஓடுது. காப்பர் டியூப்ப பிளாஸ்டிக் பைப்பு மேல சுத்தி ஒரு காயிலு. அலுமினியத் தகட்ட வட்ட வட்டமா வெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு படாம திரும்பறாப்ல ஒரு கண்டன்சரு. அப்பறம் சன்னக் கம்பிய ஒத்த வரிசையில நெருக்கமாச் சுத்தறதுக்கு உருளையா, சூடு தாங்கறாப்ல மரத்துல ஒண்ணு வேணும்னாரு. என்ற வீட்டுல சப்பாத்திக் கட்ட இருந்துச்சு. இப்ப அது டாக்டரு டப்பாவுக்குள்ள இருக்குது. எங்க வீட்டுல பத்து வருசமா தோசதான்.

எல்லாத்தையும் ஒரு பழைய மோட்டாரு பேனல் பொட்டிக்குள்ள எறக்குனோம். அறுவது கிலோ. நாலு பேரு சேந்து மொட்டமாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டரு பின்னாடியே "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிட்டு வந்தாரு. அது அவரு பங்கு.

அந்த டப்பாவுல ஒரு சங்கதி. கரண்ட நிறுத்துனாலும் உள்ள மூவாயிரம் வோல்ட்டு அப்படியே நிக்கும். அதுக்கோசரம் வெளக்கமாத்துக் கட்டையில ஒரு கொக்கி மாட்டி, அதுக்கு எர்த் ஒயர் குடுத்து வெச்சிருக்கறோம். மூடியத் தொறந்ததும் மொதல்ல அதால தொடோணும். 'டப்'புன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் உங்களுக்கு வந்திருக்க வேண்டியதுன்னு தெரிஞ்சுக்கலாம். அப்பறம் எடது கையப் பொறத்தால கட்டிட்டுத்தான் உள்ள கைய உடோணும். ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு ஒரு கையில ஏறி, நெஞ்சு வழியா நடந்து, அடுத்த கையில எறங்கும். நான் அப்படி நின்னுட்டிருந்தத நர்ஸு ஸ்டெல்லாக்கா பாத்துட்டு, "என்ன சென்னியப்பா, டாக்டருகிட்ட இத்தன பணிவு"ன்னு கேட்டுது. "பணிவு பாதி, உசுரு பாதி"ன்னேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் பொறுப்பான ஆளுன்னு நீங்க எழுதோணும். சட்டம்னா எனக்கு உசுரு. டாக்டரு லைசென்ஸுக்கு நானூறு வாட்டுத்தான் போடலாம். டப்பா எண்ணூறு போகுது. கூடாதுங்களே. அதனால மீட்டர்ல நானூறுக்கு மேல இருந்த நம்பரையெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி மறச்சுட்டேன். ஆஸ்பத்திரி ஸ்டிக்கருதான், 'தினமும் இருவேளை பல் துலக்குங்கள்'னு இருக்கும். அன்னில இருந்து முள்ளு துலக்குங்கள் வரைக்கும் போகும், ஆனா நானூறத் தாண்டுனத நாங்க பாத்ததே இல்ல.

வீதியில லைட்டு மங்குறதப் பத்தி யாராவது உங்ககிட்ட எழுதிப் போட்டிருக்கறாங்களா? இல்லீங்களா. நல்லது. டாக்டரு பேசறப்ப அக்கம்பக்கத்துல லைட்டு பேச்சுக்குத் தக்கன மங்கும். அவரு மூச்சு வாங்குனா பளிச்சுன்னு வரும். லைன்மேன் வந்து போஸ்ட்டுல ஏறிப் பாத்துட்டு "ஒரு கோளாறும் இல்லையே"ன்னு எறங்குனாரு. நாந்தான் ஏணி புடிச்சேன்.

எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க.

இப்ப நீங்க கேப்பீங்க, இத்தனயும் கட்டுனவன் அதுல பேசியிருப்பியேன்னு. பேசக்கூடாதுங்க. லைசென்ஸ் இருக்கறவந்தான் மைக்குப் பட்டன அமுக்கோணும். ஏழு வருசம் அவரு பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் மைக்குக்கும் ஒரு சாண். பேசோணும்னு ஆசையெல்லாம் கெடையாது. நான் என்னத்தப் பேசறது, எவன் கேக்கறது. டாக்டரு கீழ போறப்ப மைக்கக் கழட்டி ட்ராயர்ல வெச்சுப் பூட்டிட்டுப் போவாரு. என்னய நம்பாமன்னு சொல்ல முடியாதுங்க. மூவாயிரம் வோல்ட்ட நம்பி விட்டவரு. மைக்க மட்டுந்தான் பூட்டுனாரு.

அவரு கால்சைன மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒரு நாளைக்கு இருநூறு வாட்டி சொல்லுவாரு, கேட்டுக் கேட்டு என்ற வீட்டுக்காரிக்கே மனப்பாடம்.

மூணு வருசத்துக்கு முன்னால தை மாசம். ஸ்கூல் கிரவுண்டுல உங்காளுங்க சாலைப் பாதுகாப்பு விழா வெச்சிருந்தீங்களே, அன்னிக்கு. நீங்களும் பந்தோபஸ்துல இருந்தீங்களா? அப்ப இது உங்களுக்கு நல்லாவே புரியும்.

டப்பாவுல ரிலேன்னு தானா மாறற சுவிட்சு ஒண்ணு ஒட்டிக்கிச்சு, வான்னு டாக்டரு கூப்பிட்டாரு. போனேன். ரெண்டு பேருமாப் பாத்துட்டிருந்தோம். கீழ இருந்து ஸ்டெல்லாக்கா கூப்பிட்டுது, கடவாப்பல்லு ஒண்ணு வந்திருக்குது, மொகம் வீங்கியிருக்குதுன்னு. டாக்டரு எந்திரிச்சாரு. "சென்னி, ரிலேய மாத்திட்டு பல்புல டெஸ்ட் பண்ணு. ஆன்டெனாவுல போட்டுராத"ன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு. பல்புன்னா, பெரிய பெரிய பல்ப அஞ்சாறு சேத்துக் கட்டி வெச்சிருக்கறோம். பவரு வெளிய போகாம அதுல எரிஞ்சு தீந்துரும். அன்னிக்கு அவசரத்துல மைக்கப் பூட்ட மறந்துட்டாரு.

ரிலேய மாத்துனேன். பல்பு எரிஞ்சுது. நல்லா எரிஞ்சுது. பல்புகிட்ட எத்தன வருசத்துக்குங்க பேசறது? கேக்க மட்டும் செய்யலாம்னு ஆன்டெனாவுக்கு மாத்துனேன். கேக்கறது தப்பில்லீங்களே.

கேட்டா, ஒருத்தன் கூப்படறான். மெதுவா, கெணத்துக்கு அடியில இருந்து பேசறாப்ல. ஒவ்வொரு எழுத்தாச் சொல்றான். நான் எழுத்துக் கூட்டிட்டு செவுத்தப் பாத்தேன். செவுத்துல டாக்டரு ஒரு லிஸ்ட்டு ஒட்டியிருப்பாரு, இன்னும் பேசாத நாடெல்லாம். அதுல செகப்பு மையில ஒண்ணு. பதினோரு வருசமாத் தேடறாரு. வடதுருவத்துக்குப் பக்கத்துல ஒரு ஐஸ் தீவு. ஆளே கெடையாது, ரஷ்யாக்காரனுங்க நாலு பேரு மழை, காத்து அளக்கறதுக்கு இருப்பானுங்களாம். அதுல ஒருத்தன் அன்னிக்குப் பாத்து ரேடியோவ முடுக்கியிருக்கறான். அப்பத்தான் கடையத் தொறந்திருக்கறான், ஒரு கிராக்கியும் இல்ல.

"டாக்டர்"னு கத்துனேன். கீழ பல்லு மிசின் சத்தம். ரெண்டு மாடி எறங்கிப் போயி, அவரு கையக் கழுவி, ஏறி வர்றதுக்குள்ள உலகமே அவனக் கண்டுபுடிச்சிரும். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் பட்டன அமுக்குனேன். என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்குன்னு பேரு இல்லையே. வாயில வந்தது டாக்டரு கால்சைன்தான்.

அவன் திருப்பிச் சொல்றான். ஒரு எழுத்து தப்பாம. "இண்டியா, வெரி ஸ்ட்ராங், பைவ் நைன். நேம், ஆர்க்கடி." பைவ் நைன்னா அஞ்சு ஒம்போது, சத்தத்துக்கு அவங்க போடற மார்க்கு. அதுக்கு மேல மார்க்கு கெடையாது. என்ற வாழ்க்கையில நான் வாங்குன மொத மொத முழு மார்க்கு அதுதாங்க.

"நேம், சென்னி"ன்னேன். முழுப் பேரச் சொன்னா அவன் தீவு தாங்காது. அப்பறம் என்ன சொல்றது? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷெல்லாம் வால்வு வந்த அட்டப்பொட்டியில இருந்த இங்கிலீஷுங்க. அத வரிசையாச் சொன்னேன். "வால்வு, எயிட் ஒன் த்ரீ. டூ பீஸ். பிளேட், த்ரீ தவுசண்ட். பிலமெண்ட், டென் வோல்ட். ஹோம் மேட். கேர்புல், கிளாஸ்." கடைசி ரெண்டும் பொட்டி மேல எழுதியிருந்தது. பாதியில நிறுத்த மனசு வரல.

அவன் சிரிக்கறான். "ஹோம் மேட். மீ ஆல்சோ ஹோம் மேட்"ங்கறான். அவனும் கையிலதான் கட்டியிருக்கறான், அந்த ஐஸுக்குள்ள உக்காந்துட்டு. "டிரான்ஸ்பார்மர், யூ மேக்?"ங்கறான். "ஐ மேக்"குன்னேன். "ஹேண்ட்?"டுங்கறான். "ஹேண்ட்"டுன்னேன். "வெரி குட் ஹேண்ட்"ன்னான்.

ஏட்டய்யா, முப்பது வருசமாக் காயில் கட்டறேன். மோட்டாரு ஓடுச்சுன்னா ஒருத்தனும் காயிலப் பத்திப் பேசமாட்டான். கருகுனாத்தான் என்ற பேரு ஞாபகத்துக்கு வரும். இவன் ஒருத்தன், மொகம் தெரியாதவன், நல்லா ஓடறப்பக் கேட்டான், எவன் கட்டுனதுன்னு.

நாலு நிமிசம். மணி பதினொன்னு இருவதுல இருந்து பதினொன்னு இருவத்திநாலு. நான் பட்டன விட்டதுதான் தாமசம், ஜப்பான்காரன், இத்தாலிக்காரன், எவனெவனோ பொதபொதன்னு அவன் மேல விழுந்துட்டானுங்க.

அந்த நாலு நிமிசம் கிரவுண்டுல நடந்தது உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். எங்க பவரு உங்க மைக் செட்டுல நொழஞ்சிருச்சு. இந்த ரேடியோப் பேச்சு அப்படி நொழஞ்சா வார்த்தையா வராதுங்க, வாத்துக் கத்தறாப்ல வரும். உங்க பெரிய ஆபீசரு "ஹெல்மெட் உயிர்க்கவசம்"ங்கறாரு, ஸ்பீக்கரு "க்வா க்வா"ங்குது. அவரு நிறுத்துனா அதுவும் நிறுத்துது, அவரு ஆரம்பிச்சா அதுவும் ஆரம்பிக்குதாம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கை தட்டுச்சுங்களாமே. மைக் செட்டையே நிறுத்திட்டு, செட்டுக்காரன ரெண்டு பேரு சட்டையப் புடிச்சீங்களாமே. அவம்பேருல ஒரு தப்பும் இல்லீங்க, அது என்ற குரலு.

கீழ டாக்டரு காதுல வாத்து விழுந்திருக்குது. முப்பது வருசத்து ஆளு, புரிஞ்சுக்கிட்டாரு. கையில கொறடோட மாடி ஏறி ஓடி வர்றாரு. பின்னாலயே பேசண்டு, வாயில பஞ்சோட. "எவன்கிட்டடா பேசுன?"ன்னாரு. செவுத்துல செகப்பு மையக் காமிச்சேன். மனுசன் கொறடு புடிச்ச கையோட மைக்கத் தூக்கிட்டாரு. அத்தன கூட்டத்துக்குள்ள கத்திக் கத்தி, அரை மணி நேரம். கடைசியில ஆர்க்கடி காதுல விழுந்துச்சு. என்ன சொன்னாங்கறீங்க? "ஓ, சென்னி. யூ ஆர் இன் மை லாக். நெக்ஸ்ட், ப்ளீஸ்."

அது அவங்க வழக்கம். கூட்டம் நிக்கறப்ப ஒரு கால்சைனுக்கு ஒருக்காத்தான். ஏற்கனவே நோட்டுல ஏறியாச்சு, வெலகுன்னு அர்த்தம். மறுநாளு தீவு பேச்சையே காணம்.

டாக்டரு அந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. அப்பறம் அவரு நோட்ட எடுத்தாரு, லாக் புக்கு. தேதி, நேரம், தீவு, அஞ்சு ஒம்போது, எல்லாம் எழுதுனாரு. "யாரு பேருலீங் டாக்டர்?"னேன். "நீ யாரு கால்சைன் குடுத்த?"ன்னாரு. அவரோடதத்தானுங்களே குடுத்தேன்.

அதுக்குள்ள உங்க இன்ஸ்பெக்டரு ஆன்டெனாவப் பாத்துட்டு மாடிக்கே வந்துட்டாரு. "யாருய்யா இங்க பேசுனது?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டாக்டரு முந்திக்கிட்டாரு. "நாந்தான் சார். டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன். தப்பு நடந்துபோச்சு"ன்னு சொல்லி, மன்னிப்புக் கடுதாசியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. பேசுன பேச்சையும் அவரு எடுத்துக்கிட்டாரு, அதுக்குண்டான மன்னிப்பையும் அவரே எடுத்துக்கிட்டாரு. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்கல.

எட்டு மாசம் கழிச்சுக் கார்டு வந்துச்சு. பேசுனதுக்கு அத்தாட்சியா கார்டு போடறது இவங்க பழக்கம். முன்னால வெள்ளக் கரடி படம். பின்னால பேனாவுல எழுதியிருக்குது, ஸ்டெல்லாக்கா படிச்சுச் சொல்லுச்சு: "டியர் சென்னி, வெரி குட் சிக்னல், வெரி குட் ஹேண்ட்." பேரோட வந்திருக்குதுங்க. டாக்டரு அத பிரேம் போட்டு, பேசண்டு வாயத் தொறந்துட்டுப் படுத்தா நேரா கண்ணுல படறாப்ல மாட்டியிருக்கறாரு. அது எனக்கு வந்ததாச்சேன்னு கேட்டேன். "கார்டு கால்சைனுக்கு வரும் சென்னி, ஆளுக்கு வராது"ன்னாரு.

அன்னிக்கு முடிவு பண்ணுனேன், கால்சைன் வாங்கறதுன்னு. பரிச்ச இங்கிலீஷுல. ஸ்டெல்லாக்கா பேசண்டுக்கும் பேசண்டுக்கும் நடுவுல கேள்வியப் படிச்சுக் காமிக்கும். பாரம் நெரப்புனது டாக்டரு. மெட்ராஸுக்கு மூணு தடவையும் ஆஸ்பத்திரியப் பூட்டிட்டுக் கூடவே வந்தாரு. வந்து என்ன, ரயிலு பூராக் கொறட்ட. ஒரு தடவையாவது அந்தக் கார்டப் பத்தி ஒரு வார்த்த பேசியிருக்கோணுமே, கெடையாது. இன்னிக்குக் காலையில கூட போனு பண்ணி, "ஏட்டு வருவாரு, எல்லாம் சொல்லு, அந்த ஒரு விசயத்துக்கு மட்டும் வாயத் தொறக்காத"ன்னாரு. நான் எங்கீங்க தொறந்தேன், தானா வந்துருச்சு.

ஏனுங்க, பேனாவ மூடிட்டீங்க?

டாக்டரு கடுதாசி பைல்லயே இருக்குதா. "நாந்தான் பேசினேன்"னு கையெழுத்தோட. அதத்தானுங்களே சொல்லிட்டிருக்கறேன். அது தப்பு. பேசுனது காயில் கடை சென்னியப்பன்னு நீங்க திருத்தி எழுதுங்க. நேரம் சொல்றேன், எழுதிக்கங்க.

அப்படி எழுதுனா எனக்கு லைசென்ஸ் வராதா.

வராட்டிப் போகுது போங்க. மூணு வருசமா நெஞ்சுல நிக்குது. லைசென்ஸ் வந்து நான் இன்னும் நூறு பேருகிட்டப் பேசலாம். அவங்கிட்டப் பேசுனது நாந்தான்னு ஒரு காயிதத்துலயும் இல்லையே. உங்க பைல்லயாவது இருக்கட்டும். எழுதுங்க.

என்னங்க, அதுக்கும் தலையாட்டறீங்க?

டாக்டருக்கு என்ன? அந்த நாலு நிமிசம் அவரு பேசவே இல்லையே, அவருக்கு என்ன வந்துரும்?

லைசென்ஸ் இல்லாதவங்கிட்ட செட்ட விட்டாருன்னு ஆகுமா. அவரு லைசென்ஸும் போகுமா. போலீஸுக்குப் பொய்யா எழுதிக் குடுத்ததும் கூடச் சேருமா.

முப்பது வருசத்து லைசென்ஸுங்க அது.

டீ வந்துருச்சு. குடிங்க. அடியில சக்கர நின்னிருக்கும், கலக்கிக்கங்க.

ஏட்டய்யா. நான் ஒரு வெளையாட்டுக்காரன். வீதியில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. வாயத் தொறந்தா ரீலு. இத்தன நேரம் சொன்னத நம்பிட்டீங்களா? அஞ்சாவது படிச்சவன் வடதுருவத்துக்காரங்கிட்ட இங்கிலீஷுல பேசுனானாம், அவன் பதில் சொன்னானாம், நீங்களும் போலீஸுன்னு பேரு வெச்சுட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கறீங்களே. நாளைக்கு நான் நெலாவுல காயில் கட்டுனேன்னு சொன்னா அதையும் எழுதுவீங்களாட்ட இருக்குது.

பேனாவத் தொறங்க. நெசத்த எழுதிக்கங்க.

பேசுனது எத்திராஜ் டாக்டரு. மணி பதினொன்னு இருவது. நாலு நிமிசம். அவன் டாக்டருக்கு அஞ்சு ஒம்போது குடுத்தான். டாக்டருக்குத்தான், ஆமா. வெரி குட் ஹேண்டுன்னு சொன்னதும் டாக்டரத்தான். பல்லுப் புடுங்கற கை, நல்ல கையாத்தானுங்களே இருக்கும். எழுதியாச்சுங்களா? அஞ்சு ஒம்போதுன்னு எழுத்துலயும் எழுதுங்க, நம்பர்லயும் எழுதுங்க. பின்னால யாரும் திருத்திரக் கூடாது.

கார்டுல சென்னின்னு இருக்குதேங்கறீங்களா. டாக்டரு பேரு ரஷ்யாக்காரன் வாயில நொழையாது. சுருக்கமா இருக்கட்டும்னு அவரு என்ற பேரச் சொல்லியிருப்பாரு. பேருக்கு என்னங்க, அது கெடக்குது.

நான் எங்க இருந்தேனா? கீழ. ஆஸ்பத்திரியில.

ஆமா, பேசண்டு இருந்தாரு. கடவாப்பல்லு. ஆமா, பல்லு அன்னிக்கே புடுங்கியாச்சு. டாக்டரு மேல பேசிட்டிருந்தாருன்னா கீழ புடுங்குனது யாருன்னு கேக்கறீங்க.

பேசண்டு வாயில பஞ்சு இருந்துச்சுங்க, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு.

அப்படிப் பாக்காதீங்க ஏட்டய்யா. சரி, நாந்தான் புடுங்குனேன்னு எழுதிக்கங்க. ஏனுங்க, அதுக்குமா லைசென்ஸு?